டிக்கியில் ஒட்டிய பெயர்

ஞாயிற்றுக்கிழமை காலை. அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஒருவர் தன் காரின் டிக்கிக்கு ஹேர் டிரையர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாட்ச்மேன் அறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர் இழுத்திருக்கிறார். சட்டைப்பையில் ஒரு சுருள் தூண்டில் நரம்பு. கடந்து போகிறவர்கள், "என்ன சார், வண்டிக்குத் தலை காய வைக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வண்டி வாங்கிய அன்று வேறொருவர் செய்த வேலையை அவர் இப்போது உரித்துக்கொண்டிருக்கிறார். டெலிவரிக்குப் போனபோதே டிக்கியின் இடது ஓரத்தில் ஷோரூமின் பெயர் குரோம் எழுத்தில் மின்னிக்கொண்டிருந்தது. ஒட்டலாமா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

ஜவுளிக்கடையில் கட்டைப்பை தருகிறார்கள், அதில் கடை பெயர் இருக்கிறது. பை சும்மா வந்தது, யாருக்கும் வருத்தமில்லை. கார் சும்மா வரவில்லை. பல லட்சம் கொடுத்து, ஐந்து வருடமோ ஏழு வருடமோ தவணை கட்டி வாங்கிய வண்டியின் முதுகில், விற்றவரின் விளம்பரம் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. ஜெர்மனியில் பிஎம்டபிள்யூவோ மெர்சிடிஸோ வாங்குகிறவர், பின்னால் மாடல் எண்கூட வேண்டாம் என்று ஆர்டரிலேயே குறித்துவிடலாம். தொழிற்சாலையிலிருந்து அது இல்லாமலே வரும். வேண்டுமா வேண்டாமா என்பது ஒட்டுவதற்கு முன்பே கேட்கப்படுகிறது. நம்மூரில் முன்பதிவுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வைத்தால் போதும். அதைச் செய்யாததால்தான் இந்த ஹேர் டிரையர்.

எதிர்த்திசையில் போகிறவர்களும் உண்டு. சென்னை ஜி.பி. ரோட்டுக் கார் உதிரிபாகக் கடைகளில் மோனோகிராம், அதாவது வண்டியில் ஒட்டும் எழுத்து, கேட்டால் விதவிதமாக எடுத்துப் போடுவார்கள். அடிப்படை வேரியன்ட் வாங்கியவர் டாப் வேரியன்ட்டின் எழுத்தை ஒட்டிக்கொள்வது பழைய பழக்கம். அது அவரவர் ஆசை. ஆனால் புதியதை ஒட்ட பழையதைப் பெயர்க்க வேண்டுமே, அங்கேதான் ஸ்க்ரூடிரைவர் வெளியே வருகிறது.

காரின் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பது தெரிந்தால் யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க மாட்டார்கள். தொழிற்சாலையில் பூசும் பிரைமர், வண்ணம், மேலே கண்ணாடி மாதிரி இருக்கும் கிளியர் கோட் எல்லாம் சேர்த்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. பளபளப்பைத் தரும் கிளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. எழுத்துக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால், நெம்புகோலின் முழு பாரமும் இந்தத் தோல்மீது ஒரு புள்ளியில் இறங்குகிறது. எழுத்து வரும், கூடவே பெயின்ட்டும் வரும். பிறகு பட்டி, பிரைமர், கலர் மேட்சிங் என்று டிங்கரிங் கடையில் இரண்டு நாள் வண்டி நிற்கும். விற்கும்போது வேறு தொல்லை. பழைய கார் வாங்க வருகிறவர்கள் இப்போது பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியோடு வருகிறார்கள். டிக்கியில் மட்டும் அளவு கூடுதலாகக் காட்டினால், பின்னால் இடி வாங்கிய வண்டி என்றுதான் நினைப்பார்கள். ஒரு எழுத்தைப் பெயர்த்த கதையைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

எழுத்தைப் பிடித்திருப்பது பசை மட்டும் இல்லை, ரப்பர் போல நெகிழும் அக்ரிலிக் ஃபோம் டேப். 3எம் நிறுவனம் 1980-ல் இந்த வகை டேப்பைக் கொண்டுவந்த பிறகு, ஆணியும் ரிவெட்டும் செய்த வேலையில் ஒரு பகுதியை இது எடுத்துக்கொண்டது. மொத்தப் பரப்பையும் ஒரே நேரத்தில் இழுத்தால் அசையாது. ஓரத்தில் ஆரம்பித்துக் கோடு கோடாக அறுத்தால் விட்டுவிடும். குளிரில் விறைக்கும், சூட்டில் இளகும். நரம்பும் ஹேர் டிரையரும் வந்த காரணம் இவ்வளவுதான்.

முதலில் ஷாம்பு போட்டுக் கழுவ வேண்டும். எழுத்தின் இடுக்கில் உட்கார்ந்திருக்கும் மண்துகள் நரம்போடு சேர்ந்து ஓடினால் உப்புத்தாள் வேலை செய்யும். சுற்றிலும் மாஸ்கிங் டேப். பிறகு ஒரு சாண் தள்ளி டிரையரைப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டியபடி ஓரிரு நிமிடம். தகடு கை பொறுக்கிற சூட்டில் இருந்தால் போதும். பட்டறையில் இருக்கும் ஹீட் கன் இதற்கு வேண்டாம். அது பல நூறு டிகிரி வரை போகும், பிளாஸ்டிக் பம்பரை உருக்கிவிடும். சென்னை மே மாதத்தில் டிரையரே தேவைப்படாது. பதினொரு மணிக்கு வெயிலில் நிறுத்திய கறுப்புக் காரில் வேலை பாதி முடிந்திருக்கும்.

இரண்டு முனையையும் விரல்களில் சுற்றிக்கொண்டு, எழுத்துக்குப் பின்னால் நரம்பை நுழைத்து, ரம்பம் அறுப்பதுபோல மெதுவாக முன்னும் பின்னும். அவசரப்பட்டால் நரம்பு அறும், அவ்வளவுதான் நஷ்டம். ஸ்க்ரூடிரைவர் வழுக்கினால் அப்படி இல்லை. ஓர் இடத்தில் நரம்பு திடீரென்று முட்டி நின்றால் கவனிக்க வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் முள் இருக்கிறது, தகட்டில் ஓட்டை போட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய கார்களின் உலோக எழுத்தும் குரோம் பட்டையும் பல இப்படித்தான். அதற்கு மேல் இழுக்காமல், எழுத்தே அங்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதுதான் புத்தி. எடுத்தால் ஓட்டையை அடைத்துப் பெயின்ட் அடிக்க வேண்டும். அடைக்காவிட்டால் மழைத்தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். கதவின் சைடு பீடிங்கும் அதே கதைதான், டேப்போடு கிளிப்பும் சேர்ந்து பிடித்திருக்கலாம்.

எழுத்து வந்ததும் மிச்சம் நிற்கும் பிசுக்குதான் ஆளைச் சோதிக்கிறது. கட்டைவிரலால் உருட்டினால் சூடான ஃபோம் திரிதிரியாக வரும். அடங்காததற்கு, காருக்கென்றே விற்கும் பசை நீக்கியை நிழலில், தகடு ஆறிய பிறகு தடவ வேண்டும். பெயின்ட் கடை தின்னரைத் தொடவே கூடாது. தொழிற்சாலைப் பெயின்ட் ஒருவேளை தாங்கும். ஒருமுறை மறுபெயின்ட் அடித்த பாகமாக இருந்தால் துணியோடு கலரும் வந்துவிடும். அப்படிப்பட்ட பாகத்தில் டேப்பைப் பெயர்ப்பதே ஆபத்து, எழுத்தின் அச்சில் பெயின்ட் உரியும். வாங்கியது செகண்ட் ஹேண்ட் என்றால் அதை முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பொறுமை ஊருக்கே தேவைப்பட்ட நாட்கள் உண்டு. 2024 மே 2 முதல் வண்டிகளில் அனுமதியில்லாத 'பிரஸ்', 'போலீஸ்' வகை ஸ்டிக்கர்களுக்கு நடவடிக்கை என்று சென்னை போக்குவரத்துக் காவல்துறை அறிவித்திருந்தது. ஸ்டிக்கரைக் கடைசி நிமிடத்தில் பிளேடால் சுரண்டினால் என்ன ஆகும் என்பது தெரிந்ததுதான். முன்கண்ணாடி பிளேடைத் தாங்கும். பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் மெல்லிய சூடேற்றும் கோடுகள் தாங்காது. ஒன்று அறுந்தால் மழைநாளில் அந்தப் பட்டை மட்டும் பனி மூடியே நிற்கும். பெயின்ட்மீது ஒட்டியதற்கோ பிளேடு ஆகவே ஆகாது. அதற்கும் சூடுதான், பிறகு ஸ்டிக்கரைத் தன்மேலேயே மடித்தபடி தாழ்வாக இழுக்க வேண்டும்.

கீழ்த்தளத்து மனிதர் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஏழு எழுத்துகள் தரையில் கிடக்கின்றன. ஆனால் எழுத்து இருந்த இடம் வெயில் படாமல் டெலிவரி நாளின் நிறத்திலேயே இருக்கிறது, சுற்றிலும் எட்டு வருட வெயில். பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் வித்தியாசம் குறையும், ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் அந்த 40 மைக்ரானில் கொஞ்சம் போகும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டார். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மட்டும் ஷோரூமின் பெயரை இன்னும் படிக்க முடிகிறது.