கையெழுத்து மட்டும் போதுமா?



எங்க அப்பா அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் லாரியில் ஏறும் மூட்டைகளைச் சுவரில் கரிக்கோடு போட்டு எண்ணிக்கொண்டே வருவார். ஒருமுறை மூட்டை குறைந்தபோது பழி அவர் தலையில் விழுந்தது. "சுவத்தைப் பாருங்க, அப்புறம் பேசுங்க" என்றார். அந்தக் கோடுகள்தான் அவர் மானத்தைக் காப்பாற்றின. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு, ஓர் உலகப் பிரச்சினை புரிந்ததும் அந்தக் கரிக்கோட்டால்தான்.

நோய்க்கிருமிகளை ஆயுதமாக்கக் கூடாது என்று 1972இல் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்தன. 1975இல் அது அமலுக்கு வந்தது. இன்று நம் இந்தியா உட்பட 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் உள்ளன. ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று நேரில் போய்ச் சோதிக்க அதில் வழியே வைக்கவில்லை! இரசாயன ஆயுதத் தடைக்கு 1997 முதல் ஹேக் நகரில் தனி அமைப்பும் இன்ஸ்பெக்டர்களும் உண்டு. கிருமிக்கு மட்டும் வெறும் கையெழுத்துதான்.

விளைவு என்ன? 1979 ஏப்ரலில் சோவியத் யூனியனின் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரில் ஆந்த்ராக்ஸ் நோயால் குறைந்தது 66 பேர் இறந்தார்கள். "கெட்டுப்போன இறைச்சி" என்றது அரசு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுதான் அது! 1992இல்தான் அதிபர் எல்ட்சின், ராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். அமெரிக்க விஞ்ஞானி மேத்யூ மெசல்சன் குழு இறந்தவர்கள் அன்று இருந்த இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தது. ராணுவக் கூடத்திலிருந்து காற்று வீசிய திசையில், ஒரே கோட்டில் பெரும்பாலான இடங்கள் விழுந்தன. உண்மை வெளிவர எத்தனை ஆண்டுகள்!

"கிருமி விஷயத்தைச் சோதிக்க முடியாதப்பா, தடுப்பூசி செய்யும் அதே தொட்டியில்தானே ஆயுதமும் செய்யலாம்" என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கணக்கு பேசும் தோழர்களே! வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கில் ஐ.நா. குழு சோதனை செய்தது. கிருமி வளர்க்கும் சத்துப்பொருளை ஈராக் ஏறக்குறைய 40 டன் இறக்குமதி செய்திருந்தது. அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஆண்டுக்கு 200 கிலோகூடத் தேவைப்படவில்லை. மீதி எங்கே? நம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டாக் ரெஜிஸ்டரைப் புரட்டிக் கேட்கும் அதே கேள்விதான்! பதில் சொல்ல முடியாமல் 1995இல் ஈராக் தன் கிருமி ஆயுதத் திட்டத்தை ஒப்புக்கொண்டது.

அதே ஈராக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 2003இல் "அங்கே பேரழிவு ஆயுதம் பதுக்கி இருக்கிறது" என்று சொல்லி அமெரிக்கா படையெடுத்தது. ஐ.நா. இன்ஸ்பெக்டர்கள் வேலையை முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. பிறகு அமெரிக்கா அனுப்பிய குழுவே தேடியும் ஆயுதக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. போன உயிர்கள் திரும்பி வருமா?

ஆகவே நான் சொல்வது இதுதான். சோதனை என்பது திருடனைப் பிடிக்க மட்டுமல்ல, திருடாதவனைக் காப்பாற்றவும்தான். சோதனை இல்லாத இடத்தில் குற்றவாளி தப்புகிறான், பலமுள்ளவன் வைத்ததே சட்டமாகிறது.

சோதனைக்கான நகல் ஒப்பந்தம் ஒன்றைப் பல ஆண்டுகள் பேசி உருவாக்கினார்கள். 2001இல் அமெரிக்கா அதை நிராகரித்தது. ஏமாற்றுபவரை அது பிடிக்காது, கம்பெனி ரகசியம் வெளியே போய்விடும் என்று காரணம் சொன்னது. பூட்டை உடைக்க முடியும் என்பதற்காக யாராவது கதவைத் திறந்து போட்டுத் தூங்குவார்களா? 2022இல் மீண்டும் ஒரு குழு அமைத்தார்கள். பேச்சோடு நின்றுவிடக் கூடாது.

இதில் நமக்கென்ன என்கிறீர்களா? நாளை மருந்துக் கம்பெனியிலும் லேபிலும் வால்வைத் திறப்பதும், ரீடிங் எடுப்பதும், ரெஜிஸ்டர் எழுதுவதும் நாம்தானே! மேலே இருப்பவர் சொன்னார் என்று பொய்க் கணக்கு எழுதினால், எந்த இன்ஸ்பெக்டர் வந்தும் பயனில்லை. படிக்காத என் அப்பா சுவரில் உண்மையைக் கிழித்தார். படித்த நாம் தாளில் அதை எழுதுவோம்!