இயந்திரத்துக்குத் தேய்மானம் உண்டு... மனுஷனுக்கு?

ராத்திரி ஷிப்ட்டை விட்டுப் பகல் வேலைக்கு மாறத் துடிக்கும் ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லாவிட்டால் எதிர்வீட்டில் இருப்பார். மில் தொழிலாளி, நர்ஸ், வாட்ச்மேன், அமெரிக்கக் கடிகாரத்துக்குச் சென்னையில் கண்விழிக்கும் கம்ப்யூட்டர் பையன்... யாராகவும் இருக்கலாம். அவர் அதை எப்படிக் கேட்கிறார் என்று கவனித்திருக்கிறீர்களா?

"அண்ணாச்சி, உடம்புக்கு முடியலை. ரெண்டு மாசத்துக்குப் பகல் ஷிப்ட்டா போட்டுக் குடுங்க..."

"பகலுக்கு ஆள் இருக்குப்பா. முடியலைன்னா நின்னுக்கோ."

கைமாத்து கேட்கிற குரலில் கேட்கிறார். பிச்சை மறுக்கிற குரலில் பதில் வருகிறது. பகலில் வேலை செய்து ராத்திரியில் தூங்குவதை எப்போது நாம் சலுகை ஆக்கினோம்? அது உரிமை. என் வாதம் அவ்வளவுதான்.

இதற்கு முதல் சாட்சியாக ஏழாயிரம்பண்ணையைக் கூப்பிடுகிறேன். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பக்கத்தில் இருக்கும் கரிசல் ஊர். சுற்றிலும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகள். அங்கே மருந்துக்கு இருக்கும் மரியாதையைப் பாருங்கள். வெயில் ஏறுவதற்குள் கலக்க வேண்டும். கலந்த மருந்தை அன்றைக்கே தீர்க்க வேண்டும். மீந்ததை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. மருந்து அறையில் கரன்ட் விளக்கு கிடையாது. பொழுது சாய்ந்தால் கைகழுவிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். மருந்து சூரியனுக்குக் கட்டுப்பட்டது, மீறினால் வெடிக்கும்.

பகல் வேலை என்றாலே பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் ஆலையில் இருபது பேருக்கு மேல் பலியானது நல்ல பட்டப்பகலில்தான். வழக்குப் போட்டது இதே ஏழாயிரம்பண்ணை போலீஸ்தான். நான் சொல்வது வேறு. மருந்துக்கு ராத்திரி ஆகாது என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதே வீட்டுப் பெண்ணோ பையனோ பட்டாசு வேண்டாம் என்று கோவில்பட்டி, ராஜபாளையம் பக்கம் நூற்பாலைக்குப் போனால் கதை மாறிவிடுகிறது. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் அரை நைட், ஒரு வாரம் முழு நைட். ஆள் வராத நாளில் ஒன்றரை ஷிப்ட். மருந்துக்கு ஆகாத ராத்திரி மனுஷனுக்கு மட்டும் ஆகுமா? அவன் உடனே வெடிக்க மாட்டான். அவன் செய்யும் ஒரே தப்பு அதுதான்.

உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கடிகாரத்தை நினைத்த மாத்திரத்தில் திருப்ப முடியாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும். வாரா வாரம் ஷிப்ட் மாறினால், ராத்திரிக்கு உடம்பு பழகத் தொடங்கும்போதே பகலுக்குத் தள்ளுகிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் ராத்திரி ஷிப்ட்டை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி பரிசீலித்துவிட்டு அதையே உறுதி செய்தது. டென்மார்க் அரசு, பல வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்து மார்பகப் புற்றுநோய் வந்த பெண்கள் சிலருக்கு நஷ்ட ஈடே கொடுத்தது. நம்மூரில் ராத்திரி ஷிப்ட்டுக்காரருக்கு வயிறு கெட்டால் "டீயைக் குறை" என்பதோடு வைத்தியம் முடிந்துவிடுகிறது.

இரண்டாவது சாட்சி, கணக்குப் புத்தகம். பி.காம். படித்தவர்களுக்கு இது பாலபாடம். இயந்திரம் ஓட ஓடத் தேயும். அந்தத் தேய்மானத்தை வருடா வருடம் செலவாக எழுத வேண்டும். 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு குறிப்பு இருக்கிறது. இயந்திரம் இரண்டு ஷிப்ட் ஓடினால் அந்தக் காலத்துக்குத் தேய்மானம் 50 சதவிகிதம் கூடும். மூன்று ஷிப்ட் ஓடினால் 100 சதவிகிதம். சில இயந்திரங்களுக்கு மட்டும் விதிவிலக்கு. இது 1956-ம் வருடச் சட்டத்திலிருந்தே இருந்துவரும் ஏற்பாடுதான்.

அதாவது ராத்திரியிலும் ஓடினால் இரும்பு கூடுதலாகத் தேயும் என்பது பார்லிமென்ட்டுக்குத் தெரிந்திருக்கிறது. ஆடிட்டர் கையெழுத்துப் போடுகிறார். முதலாளி ஒப்புக்கொள்கிறார். அந்த இரும்புக்குப் பக்கத்தில் நின்று அறுந்த நூலை முடிச்சுப் போடும் மனுஷனின் தேய்மானம் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறது? எழுதப்படுவதில்லை. அது அவன் சொந்தச் செலவு. ஆஸ்பத்திரி சீட்டாகவும், தூக்கம் கெட்ட எரிச்சலில் பெண்டாட்டி பிள்ளைகள் மேல் விழுகிற அடியாகவும் அவன் வீட்டுக் கணக்கில் ஏறுகிறது.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேட்போம்.

"ஷிப்ட் இல்லாமல் மில் ஓடுமா?" ஓடாது. மில் ஓடட்டும். ஆஸ்பத்திரியும் ரயிலும்கூட ராத்திரியில் ஓடத்தான் வேண்டும். உடம்பு முடியாத அதே ஆள்தான் அதை ஓட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

"அவங்களே நைட் கேட்டு வாங்குறாங்க சார்." ஆமாம், கேட்கிறார்கள். பகல் கூலி வாடகைக்கும் பீஸுக்கும் பத்தாது. ராத்திரிக்கு ஏதோ படி கிடைக்கும். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். பசித்தவன் கேட்டு வாங்குவதையெல்லாம் விருப்பம் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

"எல்லாரும் பகல் கேட்டா என்ன பண்றது?" நல்ல கேள்வி. பருத்திக்குத் தட்டுப்பாடு வந்தால் என்ன செய்கிறீர்கள்? கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறீர்கள். ராத்திரிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் நீங்கள் கொடுக்கும் விலை பத்தவில்லை என்று அர்த்தம். ஏற்றுங்கள். சந்தை விதி பருத்திக்கு மட்டும்தானா?

சட்டம் என்ன செய்தது? 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு ராத்திரி ஏழு முதல் காலை ஆறு வரை வேலை கூடாது என்றது. 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைச் சமத்துவத்துக்கு விரோதம் என்று ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து என நிபந்தனைகளும் விதித்தது. பகலிலிருந்து ராத்திரிக்கோ, ராத்திரியிலிருந்து பகலுக்கோ மாற்றும்போது இடையில் 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்பதும் அதில் ஒன்று. 2025 நவம்பர் 21-ல் மத்திய அரசு அமலுக்குக் கொண்டுவந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், சம்மதம் இருந்தால் பெண்களை ராத்திரி வேலைக்கு வைக்கலாம் என்கிறது.

பெண் என்பதற்காகக் கதவைச் சாத்தக் கூடாது, சரிதான். உள்ளே போகக் கதவு திறந்தாகிவிட்டது. வெளியே வரும் கதவு எங்கே? வேலை வேண்டி வந்து நிற்கும் பெண் சேர்கிற அன்றைக்கு நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடுவாள். ஆறு மாதம் கழித்து "முடியலை" என்று சொன்னால், வேலையும் கூலியும் போகாமல் அவளைப் பகலுக்கு மாற்றுவதுதான் உண்மையான சம்மதம். ஆணுக்கும் இதே நியாயம்தான்.

இது நான் கண்ட கனவல்ல. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1990-லேயே 171-வது உடன்படிக்கையாக எழுதி வைத்திருக்கிறது. ராத்திரித் தொழிலாளி கேட்டால் இலவச மருத்துவப் பரிசோதனை. உடம்பு தாங்காது என்று சான்று வந்தால், முடிந்தவரை அதே மாதிரியான வேறு வேலைக்கு மாற்றம். பிரசவத்தை ஒட்டிக் குறைந்தது 16 வாரம் ராத்திரி வேலைக்கு மாற்று ஏற்பாடு. ஐரோப்பிய யூனியன் 2003-ல் போட்ட வேலைநேர உத்தரவிலும் பகலுக்கு மாறும் உரிமை இருக்கிறது. இந்தியா 171-ல் கையெழுத்துப் போடவில்லை.

"இதெல்லாம் நம்மூர்ல நடக்குமா?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு காலத்தில் இதே தீப்பெட்டிச் சீமையில் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து தூங்குகிற பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. 'பிள்ளைங்க இல்லாட்டி தொழிலே படுத்துடும்' என்றார்கள். கோர்ட்டும் பத்திரிகைகளும் பள்ளிக்கூடமும் சத்துணவும் சேர்ந்து அழுத்தம் கொடுக்க, அந்தக் கருக்கல் பஸ்கள் நின்றன. தொழில் படுத்துவிடவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்குச் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி, மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். கத்தினால் கேட்கிறது.

ஆகவே கத்துவோம். வருடம் ஒருமுறை இலவசப் பரிசோதனை. டாக்டர் சீட்டு வந்தால் கூலி குறையாமல் பகல் வேலை. பிரசவத்துக்கு முன்னும் பின்னும் ராத்திரி கிடையாது. இந்த மூன்றும் ஒவ்வொரு ஆலை வாசலிலும் தமிழில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

செலவாகுமே என்று கேட்கும் முதலாளிகளுக்கு ஒரு யோசனை. தேய்மானம் என்ற தலைப்பு உங்கள் கணக்கில் ஏற்கெனவே இருக்கிறது. இயந்திரத்தின் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடமிருக்கும். அதில் மனுஷனை எழுதுங்கள்.