விருந்து யார் வீட்டில்?

உலகக் கிண்ணக் கிரிக்கெட் என்றதும் ஓட்டங்களையும் விக்கெட்டுகளையுமே எண்ணுகிறோம். ஆட்டம் எவ்வூரில் நடைபெறும் என்பதைத் தீர்மானிப்போர் வேறு சிலர். அவர்கள் மட்டையைத் தொடுவதில்லை.

1996-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தின. போட்டி தொடங்குமுன், ஜனவரி 31-ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கியருகே குண்டு வெடித்துப் பல உயிர்கள் மாண்டன. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் விளையாட மறுத்தன. அவ்வச்சத்தை ஏளனஞ் செய்வது அழகன்று. மகனை வழியனுப்பும் தாயின் மனம் எந்நாட்டிலும் ஒன்றே. எனினும் இலங்கை மனம் நொந்தது. அந்நோவை ஆற்ற, என்றும் பகைவரெனப் பேசப்படும் இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகத் திரண்டு வந்து, பெப்ரவரி 13-இல் கொழும்பிலே ஆடிக் காட்டினர். என்ன அருமையான காட்சி! சிம்பாப்வேயும் கென்யாவும் தயங்காது வந்தன. வராத இருவருக்கெதிரான புள்ளிகள் ஆடாமலே இலங்கைக்குக் கிடைத்தன. மார்ச் 17-இல் லாகூரில், வர மறுத்த அதே அவுஸ்திரேலியாவை 7 விக்கெட்டுகளால் வென்று ரணதுங்கவின் அணி கிண்ணத்தைப் பெற்றது.

“எங்கள் வீட்டு விருந்துக்கு வர ஏன் மறுக்கிறீர்கள்?” என்று அன்று கொழும்பு உலகைக் கேட்டது. நியாயமான கேள்வி. மன்னாரிலிருந்து நாம் அதையே கொழும்பை நோக்கிக் கேட்டால் என்ன?

இத்தீவில் உலகக் கிண்ண ஆட்டம் ஒன்றேனும் வடக்கிலோ கிழக்கிலோ நடந்ததில்லை. 2009 வரை யுத்தம் என்ற காரணம் இருந்தது, மறுப்பாரில்லை. யுத்தம் ஓய்ந்தபின், 2011 உலகக் கிண்ணத்துக்கெனப் புதிய மைதானம் எங்கே எழுந்தது? அம்பாந்தோட்டை மாவட்டத்துச் சூரியவெவவில், 35,000 பேர் அமரத்தக்கதாக! அது அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ஷவின் சொந்த மாவட்டம். மைதானத்துக்கும் அவர் பெயரே. அவ்வாண்டு உலகக் கிண்ண ஆட்டங்கள் இரண்டு அங்கே நடந்தேறின. தலைமன்னாரிலிருந்து கொழும்பு செல்வதே இராமுழுதும் பிரயாணம். அம்பாந்தோட்டையோ அதற்கும் அப்பால், தீவின் மறுகோடியில்.

வடக்கில் கிரிக்கெட்டைப் பார்க்க ஆளேது என்பாருளர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 தொட்டு மோதிவரும் பெரும் போட்டியன்று அன்னார் வந்து பார்க்கட்டும். மன்னாரில் உதைபந்தாட்டமே அரசோச்சுகிறது, உண்மைதான். ஆனால் பெரிய ஆட்டமொன்றை நேரிற் காணும் வாய்ப்பே வாய்க்காத சிறுவர் மீது ஆர்வமில்லையெனக் குறை சொல்வது முறையாகுமா?

2025 செப்டெம்பர் 1-ஆம் திகதி, யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதான வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். மனமுவந்து வரவேற்கிறோம். பூநகரி வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்தால், மன்னார்ப் பிள்ளைகள் காலையிற் புறப்பட்டு ஆட்டம் பார்த்து அன்றிரவே வீடு திரும்பலாம். ஆனால் கட்டிடம் எழும்புவது வேறு, ஆட்டம் கிடைப்பது வேறு. எவ்வூருக்கு எவ்வாட்டம் என்று அட்டவணை வகுக்கும் நாளிலேதான் அரசியல் மெல்ல உள்ளே நுழையும். பெயருக்கு ஒரு பயிற்சி ஆட்டத்தைத் தந்து கணக்கைத் தீர்த்துவிடலாகாது. இந்தியாவோ அவுஸ்திரேலியாவோ வரும்போது ஓர் ஆட்டமேனும் மண்டைதீவுக்கு வேண்டும். நுழைவுச்சீட்டு மீனவர் குடும்பத்துக்கு எட்டும் விலையில் இருக்க வேண்டும்; ஒலிபெருக்கியில் தமிழும் கேட்க வேண்டும்.