மாதிரிப் பாலங்களும் பாரச் சோதனையும்

விஞ்ஞானக் கண்காட்சிகளிலும் பொறியியற் கல்லூரி விழாக்களிலும் மாணவர் குழுக்கள் சிறு மரப் பாலங்களை அமைப்பது வழக்கமாகியுள்ளது. ஐஸ் குச்சிகளோ மூங்கிற் சிம்புகளோ பசையால் ஒட்டப்பட்டு முக்கோணச் சட்டங்களாகின்றன. நடுவில் ஒரு வாளி தொங்கவிடப்படுகிறது. மிகுந்த எடையைத் தாங்கிய பாலம் பரிசு பெறுகிறது. சில இடங்களில், அழகிய பாலத்தை முறிக்க மனமின்றி, சில எடைக்கற்களை வைத்தவுடன் சோதனை நிறுத்தப்படுகிறது. முறிந்தவையோ அன்று மாலையே குப்பைக்குச் செல்கின்றன. இவ்விரண்டு வழக்கங்களும் மாற வேண்டியவை.

பாலம் எங்கே, எவ்வாறு முறிந்தது என்பதே இப்பயிற்சியின் முதற்பாடம். இரு முனைகளில் தாங்கப்பட்ட பாலத்தின் மீது பாரம் ஏறும்போது மேற்புறக் கட்டைகள் அமுக்கப்படுகின்றன; கீழ்ப்புறக் கட்டைகள் இழுக்கப்படுகின்றன. இழுக்கப்படும் குச்சி அறுவதற்கு முன்பே, பெரும்பாலும் அதன் மூட்டு விட்டுப்போகிறது. அமுக்கப்படும் மெல்லிய குச்சியோ நசுங்குவதில்லை. பக்கவாட்டில் வில்போல் வளைந்து ஒடிகிறது. நீளம் இரு மடங்கானால், அது வளையாது தாங்கும் பாரம் நான்கில் ஒரு பங்காகக் குறையும் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் வகுத்த விதியின் விளைவு. ஒடிந்த குச்சியைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவனுக்கு, நடுவே ஒரு சிறு குறுக்குக் குச்சி ஏன் தேவை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

பெரிய எஞ்சினீயர்களும் இவ்வழியிலேயே கற்றனர். வேல்ஸ் நாட்டில் 1850-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பிரிட்டானியா ரயில் பாலத்திற்காக, வில்லியம் ஃபேர்பேர்ன் ஆறில் ஒரு பங்கு அளவுள்ள இரும்பு மாதிரியை அமைத்தார். அதைப் பன்முறை முறியவிட்டு, ஒவ்வொரு முறையும் முறிந்த இடத்தை வலுப்படுத்தி, மீண்டும் பாரம் ஏற்றினார். அதன் தாங்கும் திறன் இரு மடங்கிற்கும் மேலாக உயர்ந்தது.

பல நாள் உழைப்பு ஒரு கணத்தில் வீணாகிறதே என்று ஆசிரியர் சிலர் வருந்தக்கூடும். குறிப்பெடுக்காமல் முறித்தால் அது வீண்தான். ஆகவே பாரம் ஏற்றுமுன், எந்தக் கட்டை, ஏறத்தாழ எத்தனை கிலோகிராமில் முறியும் என்பதைக் குழுவினர் எழுதி ஒப்படைக்க வேண்டும். வாளியில் மணலைச் சம அளவுகளாக இட்டு, ஒவ்வோர் அளவிற்கும் பாலத்தின் தாழ்வை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். வாளியின் கீழ் எவரும் கால் வைக்கலாகாது. கணுவும், இழையின் சாய்வும், ஈரமும் குச்சிக்குக் குச்சி வேறுபடுவதால், ஒரே வரைபடப்படி மூன்று பாலங்களையேனும் சோதிப்பது நலம்.

தன் எடையைப்போல் எத்தனை மடங்கு தாங்கியது என்று பார்த்துப் பரிசளிப்பதிலும் எச்சரிக்கை தேவை. பாலத்தின் எல்லா அளவுகளையும் 10 மடங்காக்கினால், கட்டைகளின் குறுக்குவெட்டுப் பரப்பு 100 மடங்குதான் பெருகும். சொந்த எடையோ 1,000 மடங்காகும். 1638-ஆம் ஆண்டிலேயே கலிலியோ விளக்கிய உண்மை இது. இதனைக் கூறாது விட்டால், மேசைமீது வென்ற வடிவம் ஆற்றின் மீதும் வெல்லும் என்ற தவறான எண்ணமே மாணவர் மனத்தில் பதியும்.

இப்பயிற்சியின் பயன் பள்ளியோடு முடிவதன்று. குஜராத்தின் மோர்பி நகரத் தொங்கு பாலம் பழுதுபார்க்கப்பட்டு 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாட்களில் அறுந்து 135 உயிர்களைப் பலிகொண்டது. பார்வைக்குச் சீராக இருப்பது வேறு, பாரத்திற்கு உறுதியாக இருப்பது வேறு. கிராமத்து ஓடைப் பாலத்தைப் பார்வையிட்டுக் கையொப்பமிடும் களப்பணியாளர் மேற்பலகையின் புதுவண்ணத்தோடு நின்றுவிடாமல், குனிந்து மூட்டுக்களை நோக்க வேண்டும். அப்பழக்கம் இளமையிலேயே அமைய வேண்டுமாயின், மதிப்பெண்ணில் பாதியேனும் முன்மதிப்பீட்டிற்கும் முறிவு அறிக்கைக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். குறைந்த எடையில் முறிந்தாலும், அதன் காரணத்தைச் சரியாகக் கூறிய குழு பரிசுக்கு உரியதே.