அந்தப் பொம்பளை எங்கே?

2020 ஏப்ரலும் மேயும் கீழவாஞ்சூர் அமைதியாக இருந்த மாதங்கள். எனக்கு விவரம் தெரிந்து அந்த ஊர் அப்படி இருந்ததில்லை. ஊரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாகூரைத் தாண்டி வடக்கே வந்தால் தமிழ்நாடு முடிந்து காரைக்கால் தொடங்கும் இடம் அது. அரசு வேறு, வரி வேறு, சரக்கு விலையும் வேறு. அதனால் எல்லையை ஒட்டி மதுக்கடைகள். 2009இல் துறைமுகம் வந்தது, நிலக்கரி வந்தது. ஆனாலும் 'வாஞ்சூர்' என்றதும் நாகப்பட்டினம் பக்கத்து ஆண்கள் இன்றைக்கும் சிரிக்கிற சிரிப்பு கடைகளுக்கானது. ஊரடங்கில் கடைகள் மூடின. மாலை ஏழு மணிக்கு மேல் பெண்கள் வாசல்படியில் உட்கார்ந்து பேசினார்கள். யாரும் யாரையும் எழுப்பிக் கொண்டுபோய்ப் படுக்க வைக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நாட்களில்தான் 'தி விட்சர் 3' என்னும் வீடியோ கேமைப் பார்த்தேன். அக்கா மகன் சென்னையில் கணினி வேலையில் இருக்கிறான். மடிக்கணினியோடு எங்கள் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டான். பகலில் அலுவலகம், ராத்திரியில் கேம். “சித்தி, கதை கதைன்னு பாடம் நடத்துறீங்கல்ல, ஒரு நாள் இதை உட்காந்து பாருங்க. இந்த ஒரு எபிசோடை உலகத்துல எவனும் மறக்க மாட்டான்” என்றான்.

அவன் சொன்னது 'பிளடி பாரன்' என்று அறியப்படும் பகுதியை. (ஒலிப்புக்குச் சரியாகப் 'பேரன்' என்று எழுதினால் மகன் வயிற்றுப் பிள்ளையாகிவிடும். பாரனாகவே இருக்கட்டும்.) போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட கேம் இது. வேடமேற்று ஆடும் கேம்களில் மறக்க முடியாத தருணங்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இந்தப் பகுதி பெரும்பாலும் அதில் இருக்கும். கதாநாயகன் கெரால்ட் அரக்கர்களை வேட்டையாடுபவன். நாம் ஏற்பது அவன் வேடத்தை. வளர்ப்பு மகளைத் தேடி ஒரு படைத்தலைவனின் கோட்டைக்கு வருகிறான். அந்தப் படைத்தலைவன்தான் பாரன். பெருங்குடிகாரன். அவன் மனைவி அன்னாவையும் மகள் தமாராவையும் காணவில்லை. அவர்களைத் தேடித்தந்தால் வளர்ப்பு மகளைப் பற்றிச் சொல்கிறேன் என்கிறான். தேடத் தேட உண்மை வெளியே வருகிறது. கர்ப்பிணி மனைவியைக் குடித்துவிட்டு அடித்திருக்கிறான். கரு கலைந்திருக்கிறது. முறையாகப் புதைக்காத அந்தச் சிசு பேயாகி எழுந்து வருகிறது. அதைக் கையில் ஏந்தி, வாசற்படிவரை நடந்து, தேயா என்று பெயர் வைத்து, மகளென்று ஏற்றுக்கொண்டு புதைக்கிறான் பாரன். வழியெல்லாம் ஆவிகளிடமிருந்து அவனைக் காப்பாற்றியபடி கூடவே நடப்பது கெரால்ட். அதாவது நாம்.

நான் அழுதேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்க் கட்டுரை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். நாகூரில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். ஊரடங்கில் வியாபாரம் இல்லாததால் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அன்றைக்கும் வந்து கீழே உட்கார்ந்தார். ஆங்கிலத்தில் ஓடிய வசனத்தை அக்கா மகன் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். பாரன் தன் கதையைச் சொல்கிறான்: போரிலிருந்து திரும்பியபோது மனைவி வேறொருவனோடு இருந்தாள், அவனைக் கொன்றேன், அவள் கத்தியை எடுத்தாள், அடித்தேன், அதன்பிறகு குடித்தேன், குடித்துவிட்டு மறுபடியும் அடித்தேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்: “எல்லாத்தையும் இவன்தானே சொல்றான். அந்தப் பொம்பளை எங்க?”

சித்தியும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தமிழ் முதுகலை வகுப்பில் அகப்பாட்டு நடத்தும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, இது யார் கூற்று என்பதுதான். தலைவி கூற்றா, தோழி கூற்றா, பரத்தை கூற்றா, செவிலி கூற்றா? அதைத் தீர்மானிக்காமல் பாட்டுக்குள் ஓர் அடிகூட வைக்க முடியாது. அகத்திணையில் ஒருவருக்கும் பெயர் சுட்டக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததால், அங்கே ஆள் கிடையாது, வேடம் மட்டும்தான். கவிஞர் ஆணோ பெண்ணோ, ஒரு வேடத்துக்குள் போய் நின்றுதான் பேச வேண்டும். வேடமேற்று ஆடுவது மேற்கத்தியப் பையன்களின் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கும் நான், திரையின் முன்னால் கேட்க மறந்தேன். மீன் விற்கும் பெண் கேட்டார். குடிகாரன் சொல்லும் கதையில் யாருடைய குரல் விடுபடும் என்பது வாஞ்சூர்ப் பெண்ணுக்குப் பாடம் நடத்தித் தெரிய வேண்டியதில்லை.

கேமில் நடக்கும் ஒன்று ஏன் மனதில் ஒட்டிக்கொள்கிறது? நாவலில் ஒருவன் ஒரு கதவைத் திறந்தால் அவன்தான் திறந்தான். கேமில் பொத்தானை அழுத்தியது என் விரல். நடந்ததில் எனக்குப் பங்கு உண்டு. அந்தப் பங்கும், நடந்ததைத் திருப்ப முடியாது என்ற உணர்வும் சேரும்போது நினைவு கெட்டிப்படுகிறது. 1997இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' கேமில் ஏரித் என்ற பெண் கொல்லப்படும் காட்சி இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம். அவள் நம் குழுவில் ஒருத்தி. மணிக்கணக்காக அவளை வளர்த்திருப்போம், ஆயுதம் வாங்கித் தந்திருப்போம். முழங்காலிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருப்பவளை செஃபிரோத்தின் வாள் மேலிருந்து இறங்கிக் குத்துகிறது. அதன்பிறகு குழுவில் அவள் இடம் காலி. கதாநாயகன் க்ளவுட் அவளைத் தூக்கிச்சென்று தண்ணீரில் விடுகிறான். ஒரு தலைமுறைப் பையன்கள் அழுதார்கள்.

அழட்டும். ஆனால் என்னவாக நின்று அழுதார்கள்? பிணத்தைத் தூக்கிச் செல்லும் கைகளாக. 1999இல் காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் இணையத்தில் ஒரு பட்டியல் போட்டார். கதாநாயகனுக்குக் கோபமோ துக்கமோ வர வேண்டும் என்பதற்காகக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல். காதலியின் உடலைக் கதாநாயகன் குளிர்பதனப் பெட்டிக்குள் கண்டெடுக்கும் ஒரு காமிக்ஸை வைத்து அதற்குத் தலைப்பு வைத்தார். நம் சினிமாவுக்கு அப்படியொரு பட்டியல் போட உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. மறக்க முடியாத தருணம் என்று கொண்டாடப்படுவதில் பாதி, ஒரு பெண்ணின் மரணம் ஆணின் நினைவாக மாறும் இடம். அவள் போகிறாள், அவனுக்கு ஆழம் கிடைக்கிறது.

அக்கா மகன் விடவில்லை. “சித்தி, அந்தக் கதை அவனை நியாயப்படுத்தவே இல்ல. ஒரு முடிவுல அவனே தூக்குல தொங்குறான்.” தெரியும். தொங்குவதும் அவன் கதைதான். அன்னாவுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். குழந்தை வேண்டாமென்று சதுப்பு நிலத்துச் சூனியக்காரிகளிடம் அவளே போயிருக்கிறாள். அதற்கு விலையாக அவர்களுக்கு அடிமை வேலை. ஒரு முடிவில் அவளை நீர்ப்பேயாக மாற்றுகிறார்கள்; சாபம் நீங்கியதும் செத்துப்போகிறாள். இன்னொரு முடிவில் உயிரோடிருக்கிறாள், புத்தி பேதலித்து. அவளை வைத்தியத்துக்கு அழைத்துப் போவது யார்? பாரன். அவள் சுமந்த கருவுக்குப் பெயர் வைப்பது யார்? அதுவும் பாரன். அந்தச் சடங்கு நடக்கும்போது தாய் அங்கே இல்லை. இவள் ஏன் சூனியக்காரிகளிடம் போனாள், அந்த ராத்திரி எந்தப் பாதையில் போனாள், போகாதே என்று யார் தடுத்தார்கள் என்பதையெல்லாம் நாம் ஆடிப்பார்க்க முடியாது. இத்தனைக்கும் இந்தக் கேமில் சில பகுதிகளைப் பெண்ணாகவே ஆடலாம். வளர்ப்பு மகள் சிரியின் வேடம் நம் கைக்கு வரும். வாளோடு வரும். ஆண் செய்வதைச் செய்யும் பெண்ணுக்கு வேடம் உண்டு. அடிவாங்கி ஓடிப்போகிறவளுக்கு இல்லை.

நான் இதைப் பார்த்த அதே ஆண்டு அக்டோபரில், கருச்சிதைவை ஏறக்குறைய முழுவதுமாகத் தடைசெய்யும் தீர்ப்பைப் போலந்து அரசியலமைப்புத் தீர்ப்பாயம் தந்தது. பெண்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். கேமுக்கும் தீர்ப்புக்கும் முடிச்சுப் போட நான் முயலவில்லை. அன்னாவின் வேடத்தை ஆடிப்பார்த்திருக்க வேண்டியவர்கள் அந்த நாட்டிலும் இருந்தார்கள் என்பதோடு விடுகிறேன்.

பேய் என்றதும் எங்கள் காரைக்கால்காரி ஞாபகம் வராமல் போகாது. புனிதவதியை விட்டுவிட்டுக் கப்பலேறிய கணவன் பாண்டி நாட்டில் இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினான். தேடிப்போய்ப் பார்த்தவள், உனக்காகச் சுமந்த இந்தத் தசையை இனி வைத்துக்கொள்ள மாட்டேன் என்று உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்னாவுக்குத் தண்டனையாக வந்த உருவம் இவள் விரும்பி எடுத்த வேடம். ஊரில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா நடக்கிறது. மாம்பழம் இறைக்கிறோம். பேயைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

இனி இன்னொரு தரப்பு. 'இது பையன்கள் விளையாட்டு, இதற்கு ஒரு கட்டுரையா' என்று நம் தோழிகளே கேட்பார்கள். அவர்களுக்குப் பிள்ளைத்தமிழை நினைவூட்டுகிறேன். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் என்றொரு பருவம் உண்டு. சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டி, மணல்சோறு ஆக்கி விளையாடுகிறார்கள். பாட்டுடைத் தலைவனான சிறுவன் வருகிறான், காலால் கலைக்க. 'எங்கள் வீட்டை அழிக்காதே' என்று சிறுமிகள் கெஞ்சுவதுதான் அந்தப் பருவத்துப் பாட்டு முழுவதும். நாச்சியார் திருமொழியிலும் அந்தக் கெஞ்சல் ஒரு பதிகமாக இருக்கிறது. இதை அழகு என்று பரீட்சைக்கு எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். பெண் தனக்காக ஓர் உலகத்தைக் கட்டி அதில் வேடமேற்று ஆடினால் ஆண் வந்து மிதிப்பான், மிதிப்பது அவனுக்குக் குறும்பு. இந்த ஏற்பாட்டுக்கு இலக்கணமே வகுத்து வைத்திருக்கிறோம். 2014இல் 'கேமர்கேட்' என்ற பெயரில், கேம் எழுதிய, கேமை விமர்சித்த பெண்கள்மேல் இணையத்தில் பாய்ந்தது ஒரு கூட்டம். கேம்களில் பெண்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகிறார்கள் என்று காணொலிகள் செய்துவந்த அனிதா சர்கீசியன், கூட்டக் கொலை மிரட்டல் வந்ததால் அக்டோபரில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேச இருந்ததை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. சிற்றிலை மிதித்த கால்கள் வளர்ந்திருந்தன.

அதே 2014 ஜூலையில் இந்தியாவிலிருந்து ஒரு கேம் வந்தது. பைரோடாக்டில் என்ற சிறிய நிறுவனத்தின் 'அன்ரெஸ்ட்'. பழைய இந்தியாவை ஒத்த கற்பனை நாடு, மழை பொய்த்த ஊர்கள். நமக்குக் கிடைக்கும் வேடங்களில் ஒன்று தான்யா. குடியானவர் வீட்டுப் பெண். அவளைக் கேட்காமல் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அரக்கன் யாரும் இல்லை. அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், ஊர் இருக்கிறது. யாரிடம் எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்பதுதான் ஆட்டம். எதிரில் இருப்பவருக்கு நம்மேல் இருக்கும் நட்பும் மதிப்பும் பயமும் ஒவ்வொரு பேச்சிலும் கூடிக் குறையும். நான் தான்யாவாக ஆடியபோது ஒரு பதிலைத் தேர்ந்தெடுக்க வெகுநேரம் ஆயிற்று. என் இருபத்திரண்டாவது வயதில், ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்று நான் சொல்லியபோது கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் வரிசையாக வந்து நின்றன. அந்தக் கேமுக்கு விமர்சகர்கள் கலவையாகத்தான் மதிப்பெண் போட்டார்கள். குறைகள் உண்டு. எனக்கு ஏரித்தின் சாவு மங்கிவிட்டது, தான்யாவின் வீடு மங்கவில்லை.

2023 ஜூலையில் 'வெண்பா' வந்தது. டொரோண்டோவின் விசாய் கேம்ஸ் செய்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேமுக்கான விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற பெண், கணவர் பாவலன், மகன் கவின். இலக்கணப்படி இது ஆர்.பி.ஜி. இல்லை, சமையல் விளையாட்டு என்று அக்கா மகன் திருத்தினான். வேடம் ஏற்கிறோமா இல்லையா? ஏற்கிறோம். தாயின் வேடத்தை. அவள் அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விடுபட்டதை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். பின்னால் ஒரு கட்டத்தில் வேடம் மகனுக்கு மாறுகிறது. அதே குறிப்பேட்டை அவன் திறக்கிறான், தமிழை முழுதாகப் படிக்க வரவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த நான் அவனாக நின்று தட்டுத்தடுமாறினேன். வாள் இல்லை, சாவு வந்து விழவில்லை, ஆனாலும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தாய்மையையும் அடுப்பையும் கொண்டாடும் ஆபத்து இதில் இல்லையா? இருக்கிறது. அடுப்படியை மட்டுமே பெண்ணுக்கு வேடமாகத் தந்தால் அதையும் எதிர்ப்பேன். நான் கேட்பது எண்ணிக்கை. கெரால்டுக்கு எத்தனை வேடம் உண்டோ அத்தனை வேண்டும். சோறாக்குகிறவள், ஓடிப்போகிறவள், பிள்ளை வேண்டாமென்றவள், பேயானவள், கடன் வாங்கிப் புருஷனை ஜாமீனில் எடுத்துவிட்டு வாசலில் நின்று அவனைத் திட்டுகிறவள்.

'வெண்பா'வை வாங்கியதும் எங்கள் தெரு அக்காவை அழைத்தேன். ஊரடங்கு என்றோ முடிந்திருந்தது. கடைகள் 2020 மே கடைசியிலேயே திறந்துவிட்டன. அன்றைக்கும் தெருமுனையில் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று அவன் குழம்ப, அக்கா திரையைத் தொட்டுக் காட்டினார். “தட்டை மாத்தி மாத்தி வையி. ஓட்டை அடைச்சா ஆவி எப்படி மேல ஏறும்?” இட்லி வெந்தது. அக்காவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

எழுந்து புடவையை உதறிக்கொண்டவர் அவனிடம் கேட்டார்: “அன்னிக்கு ஒரு குடிகாரன் கதை போட்டியே. அவன் பொண்டாட்டியா ஆடுறது இருந்தா போடு, நாளைக்கு வர்றேன்.”

“அது இல்ல பெரியம்மா.”

“எட்டு வருசமா ஆடுறாங்கன்னு சொல்றே, எவனும் கேக்கலையா?” என்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.