எது ஆகாது? பத்தியத்தில் விட்டுப்போன பாதி

வேதாரண்யம் கடைத்தெருவிலே மீன் கூடைகளின் முன் ஒரு நாழிகை நின்றால் போதும். "இறால் வேண்டாம், வீட்டிலே அவங்களுக்கு ஆகாது" என்ற பேச்சு காதில் விழாமல் போகாது. கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை, புஷ்பவனம் என்று சுற்றிலும் மீன்பிடிக்கும் ஊர்கள். மீனுக்கும் நண்டுக்கும் பஞ்சமில்லை. ஆயினும் வீட்டுக்கு வீடு ஏதாவது ஒரு பண்டம் யாராவது ஒருவருக்கு விலக்கப்பட்டதாகவே இருக்கிறது. ஒருவருக்கு இறால், ஒருவருக்குக் கத்தரிக்காய், ஒருவருக்குப் பால், இன்னொருவருக்குக் கோதுமை. எப்போது விலக்கினார்கள், எதைக் கண்டு விலக்கினார்கள் என்று கேட்டால் திட்டமான பதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. "ஒரு தடவை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போச்சு, அன்றோடு விட்டாச்சு" என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்த "ஆகாது" என்ற சொல் இப்போது பெரிய வியாபாரமாக வளர்ந்திருக்கிறது. ஒரு துளி ரத்தம் கொடுத்தால் இருநூறு பண்டங்களில் எவை எவை உடம்புக்குச் சேராதவை என்று பட்டியல் போட்டுத் தருவதாகப் பரிசோதனைச் சாலைகள் விளம்பரம் செய்கின்றன. கட்டணம் ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் அவை ரத்தத்தில் 'ஐஜிஜி' என்னும் எதிர்ப்பொருளை அளந்து பார்ப்பவை. ஆனால் அந்த எதிர்ப்பொருள், குறிப்பிட்ட பண்டத்தை உடம்பு முன்பே சந்தித்திருக்கிறது என்பதைத்தான் காட்டும். அது ஆகவில்லை என்பதைக் காட்டாது. அரிசியும் பாலும் அன்றாடம் உண்பவரிடம் அரிசிக்கும் பாலுக்கும் அது இருப்பதில் வியப்பில்லை. ஐரோப்பிய அலர்ஜி வைத்தியர்களின் சங்கம் 2008-ம் ஆண்டிலேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தப் பரிசோதனை உதவாது என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டது. அமெரிக்கச் சங்கமும் கானடா நாட்டுச் சங்கமும் அதையே பின்னர் வழிமொழிந்தன. இருந்தும் பட்டியல்கள் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன. அதை நம்பிக் குழந்தையின் பாலையும் முட்டையையும் பருப்பையும் ஒருங்கே நிறுத்திவிடும் பெற்றோர் இருக்கிறார்களே, அங்கேதான் விஷயம் விபரீதமாகிறது.

அப்படியானால் உண்மையை அறிய வழி என்ன? வழி பழையது, செலவில்லாதது. சந்தேகப்பட்ட பண்டத்தைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பது. பிறகு மீண்டும் கொடுத்துப் பார்ப்பது. கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்து டாக்டர் ஆல்பர்ட் ரோ என்பவர் 1920-களில் இதை ஒரு முறையாக வகுத்தார். அவர் வகுத்த பத்திய உணவுகளில் கோதுமையும் பாலும் முட்டையும் கிடையாது. தானியமாக அவர் தேர்ந்தெடுத்தவற்றில் அரிசியும் ஒன்று! அரிசி அலர்ஜி உண்டாக்குவது அபூர்வம் என்பதே காரணம். காவிரிக் கடைமடையில் குடியிருப்பவருக்கு இந்தச் சோதனையின் முதற்படி ஏற்கெனவே உலையில் கொதித்துக்கொண்டிருக்கிறது. குழைந்த சோறு, மிளகு ரசம், சுட்ட அப்பளம், புழுங்கலரிசிக் கஞ்சி என்று பத்தியச் சாப்பாடு போடுவதற்கு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு எந்த டாக்டரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கத்தரிக்காயையும் கருவாட்டையும் 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கிவைத்ததும் இந்த அறிவின் ஒரு கிளைதான். சித்த வைத்தியரின் கடும்பத்தியத்தில் உப்பும் போய்விடும்; இந்தச் சோதனைக்கு அது தேவையில்லை. அகஸ்தியம்பள்ளி உப்பு இலையில் தாராளமாக இருக்கலாம். உப்பு எவருக்கும் அலர்ஜி ஆவதில்லை.

குறை எங்கே இருக்கிறது என்றால், நம் பத்தியம் பாதியிலே நின்றுவிடுகிறது. நீக்குவதோடு சரி. திரும்பச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. உடம்பு தேறினால் நீக்கிய பண்டமே குற்றவாளி என்று தீர்ப்பாகிவிடுகிறது. விசாரணை கிடையாது, அப்பீலும் கிடையாது.

வாழைப்பழம் பெற்ற புகழ்

பாதியில் நிறுத்தினால் எத்தகைய தவறு நேரும் என்பதற்கு மேல்நாட்டு வைத்திய வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 'ஸீலியாக்' என்று ஒரு நோய். குழந்தை தின்றதெல்லாம் பேதியாகும், வயிறு உப்பும், கை கால் சூம்பும். 1924-ல் நியூயார்க் டாக்டர் ஸிட்னி ஹாஸ் இத்தகைய குழந்தைகளுக்கு வாழைப்பழத்தைப் பிரதானமாகக் கொடுத்து, ரொட்டி, உருளைக்கிழங்கு முதலியவற்றை நிறுத்தினார். குழந்தைகள் தேறினார்கள். உலகமெங்கும் வாழைப்பழத்துக்குப் புகழ். அதில் ஏதோ அபூர்வ சக்தி இருப்பதாகவே கால் நூற்றாண்டு காலம் நம்பினார்கள். உண்மையில் தேற்றியது வாழைப்பழம் அல்ல, நிறுத்தப்பட்ட ரொட்டி.

அதை நிலைநாட்டியவர் ஹாலந்து தேசத்து டாக்டர் வில்லெம் டிக்கே. ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பணியாற்றிய அவருக்குக் கோதுமையின் மீது யுத்தத்துக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் அந்நாடு பட்டினியால் வாடியபோது ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் மெலிந்துகொண்டிருக்க, இந்த நோயாளிக் குழந்தைகள் மட்டும் மோசமடையவில்லை. ஆனால் டிக்கே அதோடு திருப்தியடைந்துவிடவில்லை. யுத்தம் முடிந்தபின் கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும், மறுபடி கொடுத்தும் நிறுத்தியும், ஒவ்வொரு முறையும் நேர்ந்ததைக் குறித்துவைத்து, 1950-ல் உட்ரெக்ட் சர்வகலாசாலையில் தம் ஆராய்ச்சியைச் சமர்ப்பித்தார். ஹாஸ் செய்யாமல் விட்டது இந்தத் திரும்பக் கொடுக்கும் வேலையைத்தான். அதற்குப் பிறகே சந்தேகம் நிச்சயமாயிற்று.

கோதுமையும் கடைமடையும்

இந்தக் கோதுமை விவகாரம் நெல் விளையும் பூமிக்குச் சம்பந்தமில்லாதது என்று எண்ணுவதற்கில்லை. நாகப்பட்டினம் ஜில்லாவிலேயே, திருக்குவளையில்தான், 2023-ம் ஆண்டு ஆகஸ்ட் 25-ந் தேதி முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்திலுள்ள அரசு ஆரம்பப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போது வகுத்திருந்த பட்டியலில் பொங்கலோடும் அரிசி உப்புமாவோடும் ரவை, சேமியா, கோதுமை ரவைப் பலகாரங்களும் இடம் பெற்றிருந்தன. கஞ்சி குடித்துப் பள்ளிக்கூடம் போன பரம்பரைக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளுமா என்ற கேள்வி எழுவது இயல்பு.

பதில் ஆறுதலானது. இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஸீலியாக் நோய் வடக்கே நூற்றுக்கு 1.2 பேருக்கு இருந்தது. தெற்கே ஆயிரத்துக்கு ஒருவருக்கே இருந்தது. வடக்கே ஓர் ஆள் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கே 25 கிராம் என்பதும் அதே ஆராய்ச்சியில் கண்டது. ஆகவே உப்புமாவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒருவரான அந்தக் குழந்தையை மறந்துவிடவும் கூடாது. பேதி நிற்காமல், எடை ஏறாமல், ரத்தசோகையோடு ஒரு குழந்தை இருந்தால் டாக்டர் இந்நோயை நினைத்துப் பார்க்க வேண்டும். இதற்கென்று நம்பகமான ரத்தப் பரிசோதனை உண்டு. அந்தப் பரிசோதனைக்கு முன்பாகக் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வந்துவிடும். நீக்கிப் பார்க்கும் முறை கூடாத இடம் இது.

பால் கதை வேறு. பாலிலுள்ள சர்க்கரையை ஜீரணிக்கும் சக்தி தென்னாட்டில் பலருக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பிறகு குறைந்துவிடுகிறது. 1981-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில் சோதிக்கப்பட்ட வடநாட்டாரில் நூற்றுக்கு 27 பேருக்கும், தென்னாட்டாரில் 67 பேருக்கும் இக்குறை காணப்பட்டது. வயிற்று இரைச்சலும் உப்புசமும் தருமே தவிர, இது உயிரைத் தொடும் அலர்ஜி அல்ல. கால் லிட்டர் பாலில் ஏறத்தாழ 12 கிராம் பால்சர்க்கரை இருக்கும். அந்த அளவு வரை பெரும்பாலோர் தாங்கிக்கொள்கிறார்கள். தயிரும் மோரும் இன்னும் இலகுவானவை. புளிக்கவைத்த கிருமிகளே சர்க்கரையில் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன. "பால் சேராது" என்று சொல்லிக் காலைக் காபியையே துறந்த தஞ்சாவூர்க்காரர் யாராவது இருந்தால், அவர் வீண் தியாகம் செய்துகொண்டிருக்கக் கூடும்! இரண்டு வாரம் பாலை நிறுத்திவிட்டு, முதல் நாள் அரைக்கால் தம்ளர், அடுத்த நாள் அரைத் தம்ளர், பிறகு முழுத் தம்ளர் என்று ஏற்றிப் பார்த்தால் தம்முடைய அளவு எது என்று அவருக்கே தெரிந்துவிடும்.

மீன் செய்த குற்றமா?

கடற்கரை ஊரில் விசாரணை இன்னும் நுணுக்கமானது. சூரையோ அயிலையோ சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை கனத்து, உடம்பு தடித்தால், "மீன் ஆகாது" என்று முடிவுகட்டுகிறார்கள். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த இவ்வகை மீனில் கிருமிகள் 'ஹிஸ்டமின்' என்ற பொருளை உண்டாக்கிவிடுகின்றன. கொதிக்கவைத்தாலும் அது போகாது. அலர்ஜியில் உடம்பு தானே சுரக்கும் அதே பொருளை இங்கே மீன் கொண்டுவருகிறது. ஆகையால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே சட்டியில் உண்ட நாலு பேருக்கும் தடித்திருந்தால் குற்றம் பெரும்பாலும் மீனுடையதல்ல, அதை வைத்திருந்த விதத்தினுடையது. இறாலிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. கறுத்துப் போகாமலிருக்க அதற்குக் கந்தகக் கலவை மருந்து சேர்ப்பதுண்டு. ஆஸ்துமாக்காரர் சிலருக்கு மூச்சுத் திணறுவது அந்த மருந்தினால்தான்.

இறாலினாலேயே உண்டாகும் அலர்ஜியும் மெய்யானதே, அது பொல்லாதது. உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு முட்டி, மயக்கம் கண்டவர் "மறுபடி கொஞ்சம் தின்று பார்ப்போம்" என்று வீட்டில் சோதனை செய்யவே கூடாது. அட்ரினலின் ஊசியும் டாக்டரும் பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரியில்தான் அது நடக்க வேண்டும். வேதாரண்யத்திலிருந்து நாகை நாற்பது கிலோமீட்டருக்கு மேல். தொண்டை அடைப்பு அதுவரை காத்திருக்காது. சின்னக் குழந்தைகளின் பண்டத்தையும் தாயார் தன்னிச்சையாக நிறுத்துவது சரியல்ல. சொறி சிரங்குக்காகப் பாலை நிறுத்திவைத்து, மாதக்கணக்கில் கழித்துக் கொடுத்தபோது, முன்பு பாலைத் தாங்கிய குழந்தையே கடும் அலர்ஜிக்கு உள்ளானதும் உண்டு.

மற்றபடி வயிற்று உபாதை, அரிப்பு போன்ற சில்லறைத் தொல்லைகளுக்கு முறை எளிது. முதல் வாரம் எதையும் மாற்றாமல், தின்றதையும் உடம்பு பட்டதையும் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். பிறகு சந்தேகப்பட்ட ஒன்றை மட்டும் இரண்டிலிருந்து நாலு வாரம் அறவே நிறுத்த வேண்டும். தொல்லை குறையாவிட்டால் அந்தப் பண்டம் நிரபராதி. அன்றே இலைக்குத் திரும்பலாம். குறைந்தால், சிறிய அளவில் தொடங்கி மூன்று நாள் கொடுத்துப் பார்க்க வேண்டும். தொல்லை திரும்பி வந்து, மறுபடி நிறுத்தியதும் போனால்தான் தீர்ப்பு. மனப்பிராந்தியும் இதில் விளையாடும். அதனால்தான் 1976-ல் டென்வர் நகரத்து டாக்டர் சார்லஸ் மே, கொடுப்பது எது என்று நோயாளிக்கும் தெரியாமல் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாமல் சோதிக்கும் முறையைப் புகுத்தினார். வீட்டிலே அவ்வளவு கெடுபிடி முடியாது. ஆனாலும் "அறவே" என்ற சொல்லை மறக்கக் கூடாது. கோதுமையை விட்டதாக எண்ணியிருப்பவரின் ரசத்திலே கூட்டுப் பெருங்காயத்தூள் மணக்கும். அதில் பெருங்காயத்தைவிட மாவுதான் அதிகம், பல டப்பாக்களில் அது கோதுமை மாவு. 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளின்படி கோதுமை, பால், முட்டை, மீன், நிலக்கடலை போன்றவை கலந்திருந்தால் பாக்கெட்டின் மேல் குறிப்பிட வேண்டும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி வேண்டியிருப்பது வேறு விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனையின் முதற்பாதியை ஊரில் பாதிப்பேர் வருஷந்தோறும் தாமறியாமலே செய்கிறார்கள். புரட்டாசி முழுவதும் மீன், இறைச்சி இல்லை. கார்த்திகையில் மாலை போட்டவருக்கு ஒரு மண்டலம் இல்லை. சித்திரை முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வரத்து சுருங்கிவிடுகிறது. அரிப்பும் உப்புசமும் அந்த நாட்களில் குறைந்ததா என்று கவனித்திருப்பவர் எத்தனை பேர்? புரட்டாசி கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி, வஞ்சிரம், நண்டு, இறால், முட்டை எல்லாம் ஒரே இலையில் வந்து விழுந்துவிடுகின்றன. மறுநாள் உடம்பு தடித்தால் ஐவரில் யாரைப் பிடிப்பது? அந்த ஞாயிற்றுக்கிழமை மீன் மட்டும், புதன்கிழமை முட்டை, அடுத்த ஞாயிறு நண்டு என்று தனித்தனியே பிரித்துவைத்து, ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டில் நாலு வரி எழுதிவைத்தால், ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் பட்டியல் சொல்லாததை ஐப்பசி முடிவதற்குள் அந்த நோட்டுச் சொல்லிவிடும்.