கடையை மட்டும் காப்பாற்றப் போனவர்கள்!

சங்கரன்கோவில் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடைச் சகோதரர் என்னிடம் சொன்னார்: "ஆலிம்சா, வியாபாரிக்கு எதுக்கு அரசியல்? நம்ம லைசென்ஸ், நம்ம வரி, நம்ம கடை. அதுக்கு மட்டும் மனு குடுத்துட்டு ஒதுங்கிக்கிடுவோம்."

இது புதிய பேச்சல்ல சகோதரர்களே! நூறாண்டுகளுக்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் முஸ்லிம் வியாபாரிகள் பேசிய பேச்சுதான். அவர்களுக்கு நேர்ந்தது என்ன?

1860-ல் சென்னையிலிருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போனது. கரும்புத் தோட்டங்களில் நம் தமிழ் மக்கள் ஒப்பந்தக் கூலிகளாக இறக்கப்பட்டார்கள். பின்னால் சொந்தக் காசில் போனவர்கள் குஜராத் முஸ்லிம் வியாபாரிகள். 'நாங்கள் கூலிகள் அல்ல, அரபிகள்' என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளையன் ஒப்புக்கொண்டானா? வியாபாரி அவனுக்குக் 'கூலி வியாபாரி'! வழக்கு நடத்தப் போன காந்தி 'கூலி பாரிஸ்டர்'!

1894-ல் இந்தியரின் ஓட்டுரிமையைப் பறிக்க மசோதா வந்தது. அதை எதிர்த்து நேட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. தலைவர் அப்துல்லா ஹாஜி ஆதம். செயலாளர் காந்தி. பணத்தை அள்ளிக் கொடுத்தவர்கள் முஸ்லிம் வியாபாரிகள். பெருமைப்பட வேண்டிய வரலாறுதான். ஆனால் ஆண்டுச் சந்தா 3 பவுண்டு! மாதம் 10 ஷில்லிங் கூலி வாங்கும் தோட்டத் தமிழன் உறுப்பினராக ஆறு மாதக் கூலியைக் கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் அந்நாட்டிலேயே தங்கிய கூலிக்கு வெள்ளையன் போட்ட தலைவரியும் 3 பவுண்டு! அந்த வரியைக் காங்கிரஸ் எதிர்த்தது உண்மை. ஆனால் வரி கட்டியவனுக்கு அங்கே இருக்கை இருந்ததா?

மனுக்கள் பறந்தன. பலன்? 1896-ல் ஓட்டுரிமை போனது. 1897-ல் வந்த சட்டப்படி, அதிகாரி கடை லைசென்ஸை மறுத்தால் கோர்ட்டுக்கும் போக முடியாது!

நிலைமை எப்போது மாறியது? வியாபாரி இழக்கத் துணிந்தபோது! டிரான்ஸ்வாலில் கைரேகைப் பதிவுச் சட்டத்தை எதிர்த்த அஹமத் முஹம்மத் கச்சாலியாவை, கடன் கொடுத்த வெள்ளை வணிகர்கள் நெருக்கினார்கள். போராட்டமா, கடையா என்றார்கள். அவர் கடையை விட்டார், போராட்டத்தை விடவில்லை. 1913-ல் தமிழ்க் கூலிகள் சுரங்கத்திலும் தோட்டத்திலும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1914-ல் தலைவரி ஒழிந்தது. கூலி என்று ஒதுக்கப்பட்டவனே அதை ஒழித்தான்!

ஆனாலும் ஒரு தவறு மிச்சமிருந்தது. அந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்களான கறுப்பின மக்கள் 1912-ல் தங்கள் காங்கிரஸைத் தொடங்கியிருந்தார்கள். நம்மவரோ பல ஆண்டுகள் தனியே நின்றார்கள். 1947 மார்ச் 9-ல்தான் ஆப்பிரிக்கத் தலைவர் டாக்டர் சூமாவும், தென்னிந்திய வம்சாவளி டாக்டர் நாயக்கரும், முஸ்லிம் கடைக்காரரின் மகன் டாக்டர் யூசுஃப் தாதூவும் ஒன்றாகக் கையெழுத்திட்டார்கள்.

1950-ல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் வந்தது. இந்தியக் கடைகள் நகரங்களிலிருந்து விரட்டப்பட்டன. அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியவர் கடைக்கு மட்டும் விலக்கு கிடைத்ததா? இல்லை! இன்னொரு கடைக்காரர் மகன் அஹமத் கத்ராதா, 1964-ல் மண்டேலாவோடு ஆயுள் தண்டனை பெற்றார். 26 ஆண்டுகள் சிறையிலிருந்தார். 1994-ல் அதே நாட்டின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தார்.

இளைஞர்களே! வியாபாரப் பெருமக்களே! அநீதிக்கு ஆளானவன் யாராயினும் அவன் பக்கம் நிற்கச் சொல்வதே நம் மார்க்கம். நம் சங்கத்தின் சந்தா நோட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். தறி ஓட்டுபவர் பெயர் இருக்கிறதா? மூட்டை தூக்குபவர் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் முதலில் சந்தாவைக் குறையுங்கள். அப்புறம் மனு எழுதலாம்!